நாலு நிமிட வேகம், நாற்பது வயது இதயம்

குறைந்த நேரத்தில் நிறைந்த பலன் என்று வாக்களிக்கிறது 'ஹிட்' பயிற்சி. வாக்கு பொய்யல்ல. ஆனால் அது யாருக்குப் பலிக்கும், யாரைக் கவிழ்க்கும்?

மல்லேஸ்வரத்துக்கும் சதாசிவநகருக்கும் இடையே 1882ல் கட்டப்பட்ட சாங்கி ஏரியின் கரையில் காலை நேரத்தில் இரண்டு தலைமுறைகள் தென்படும். ஓய்வுபெற்ற தலைமுறை, குல்லாயும் ஸ்வெட்டருமாக, அரசியல் பேசிக்கொண்டே முக்கால் மணி நேரம் நடக்கிறது. மென்பொருள் தலைமுறைக்கு அவ்வளவு பொறுமையும் இல்லை, நேரமும் இல்லை. முக்கால் மணி நேர வேலையைப் பத்தே நிமிடத்தில் முடிக்க வழி உண்டா என்பதுதான் அதன் கேள்வி. உண்டு என்கிறது உடற்பயிற்சிக் கூடங்களில் இன்று அதிகம் அடிபடும் பெயர்: ஹை இன்டென்சிட்டி இன்டர்வல் ட்ரெயினிங். சுருக்கமாக 'ஹிட்'.

விஷயம் எளிமையானது. இருபது விநாடியிலிருந்து நான்கு நிமிடம் வரை, பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும்படி, கடுமையாக உழைக்க வேண்டும். பிறகு சற்று நேரம் மெதுவாக நடக்கலாம் அல்லது நிற்கலாம். மறுபடி உழைப்பு, மறுபடி ஓய்வு. ஓடலாம், சைக்கிள் மிதிக்கலாம், மாடிப்படி ஏறலாம், நீந்தலாம். எதைச் செய்கிறோம் என்பது முக்கியமில்லை. இதயத் துடிப்பு அதன் உச்சத்தில் 85 முதல் 95 சதவீதம் வரை ஏறி இறங்க வேண்டும் என்பதுதான் கணக்கு. 220லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு உத்தேசமாகக் கிடைக்கும். 45 வயதுக்காரருக்கு அது நிமிடத்துக்கு 175. பயிற்சியின்போது 150ஐத் தொட வேண்டும், 165க்கு மேல் போக வேண்டியதில்லை.

பெயர் புதிதே தவிர சரக்கு பழையது. 1930களில் ஜெர்மனியில் பயிற்சியாளர் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ரெய்ண்டலும் சேர்ந்து ஓட்டக்காரர்களை இப்படி விட்டுவிட்டு ஓட வைத்தார்கள். அவர்களின் சீடர் ருடால்ஃப் ஹார்பிக் 1939ல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஜாடோபெக், 400 மீட்டரை வேகமாக ஓடி, சற்று மெதுவாக ஓடி, மறுபடி வேகமெடுத்து, இப்படியே ஒரே நாளில் பல முறை பழகியவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் அவருக்கே.

இந்த வித்தை மல்லேஸ்வரத்துக்கும் புதிதல்ல. அங்குள்ள கனரா யூனியன் மண்டபம் அதற்கு சாட்சி. 1960களில் அது கல்யாண மண்டபம். விசேஷம் இல்லாத நாட்களில் பாட்மின்டன் களம். முகூர்த்த நாள் வந்தால் விளையாட்டுக்கு விடுமுறை. பள்ளி விட்டதும் இன்று கல்யாணம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு உள்ளே ஓடிய சிறுவர்களில் ஒருவர் பிரகாஷ் படுகோன். 1971 முதல் தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் தேசிய சாம்பியனாக இருந்த அவர், 1980ல் ஆல் இங்கிலாந்து இறுதிப் போட்டியில் இந்தோனேசியாவின் லியெம் ஸ்வீ கிங்கை 15-3, 15-10 என்று வீழ்த்தி அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியரானார்.

பாட்மின்டன் என்பதே ஒரு 'ஹிட்' பயிற்சிதான். பத்து விநாடி அளவுக்குப் பாய்ச்சல், அதைவிடச் சற்று அதிக நேரம் ஓய்வு, மறுபடி பாய்ச்சல். உயர்மட்ட ஆட்டக்காரரின் இதயத் துடிப்பு போட்டி முழுக்க உச்சத்தில் 90 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. கனரா யூனியன் சிறுவர்கள் திடீரென்று ஒரு திங்கட்கிழமை காலையில் இந்த வேகத்தைத் தொடங்கவில்லை. வருடக்கணக்கில், கிட்டத்தட்ட தினமும், விளையாட்டாகவே அதற்குப் பழகினார்கள். இதயமும் கால்களும் வேகத்தோடு சேர்ந்தே வளர்ந்தன. இன்றைய 'ஹிட்' பயிற்சியில் பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்தப் பகுதியைத்தான்.

பயிற்சியை விளையாட்டு வீரர்களிடமிருந்து பொதுமக்களிடம் கொண்டுவந்து சேர்த்தது ஜப்பானில் நடந்த ஓர் ஆய்வு. ஐஸ் சறுக்கு வேகப் போட்டி வீரர்களுக்குப் பயிற்சியாளர் இரிசாவா கொடுத்துவந்த பயிற்சியை விஞ்ஞானி இஸுமி தபாதா அளந்து பார்த்தார். 20 விநாடி உச்ச வேகத்தில் சைக்கிள் மிதிப்பு, 10 விநாடி ஓய்வு. இப்படி ஏழெட்டு முறை. மொத்தம் நான்கே நிமிடம். இன்னொரு குழு மிதமான வேகத்தில் ஒரு மணி நேரம் மிதித்தது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் இரு குழுவுக்குமே கூடியிருந்தது. ஆக்சிஜன் போதாத நிலையிலும் தசைகள் உழைக்கும் திறன் நான்கு நிமிடக் குழுவுக்கு மட்டும் 28 சதவீதம் உயர்ந்திருந்தது. 1996ல் ஆய்வு வெளியானது. 'நாலு நிமிடம் போதும்' என்ற கோஷம் பிறந்தது.

கோஷத்தில் சில விவரங்கள் காணாமல் போயின. தபாதாவின் ஆய்வில் இருந்தவர்கள் ஏற்கெனவே உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த இளைஞர்கள். நான்கு நிமிடத்துக்கு முன்னால் பத்து நிமிடம் மெதுவாக மிதித்து உடலைச் சூடேற்றிக்கொண்டார்கள். வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேர நிதானப் பயிற்சியும் இருந்தது. எட்டாவது சுற்று முடியும்போது மேலும் மிதிக்க முடியாமல் ஓய்ந்து போகும் அளவுக்குக் கடுமை. அலுவலகத்தில் பத்து மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவர் வரவேற்பறையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு குதிக்கும் நான்கு நிமிடத்துக்கும் இதற்கும் பெயரைத் தவிர அதிக உறவில்லை.

ஆனாலும் சாதாரண மனிதர்களுக்கும் பலன் உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலாவின் குழு, உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத ஆண்களை 12 வாரம் சோதித்தது. ஒரு பிரிவு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 45 நிமிடம் நிதானமாக சைக்கிள் மிதித்தது. இன்னொரு பிரிவுக்கு மொத்தமே பத்து நிமிடம். அதிலும் முழு வேகம் இருபது இருபது விநாடியாக மூன்று முறை மட்டும். 2016ல் வெளியான முடிவு: ஆக்சிஜன் திறன் இரு பிரிவுக்கும் ஒரே அளவாக, 19 சதவீதம் கூடியது. இன்சுலின் வேலை செய்யும் விதமும் இரண்டிலும் மேம்பட்டது. நேரமில்லை என்ற சாக்கு அந்த நாளோடு செத்தது.

இது எப்படி நடக்கிறது? கடுமையாக உழைக்கும்போது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. தசைக்குள் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை வேகமாகக் கரைகிறது. அதை ஈடுகட்டத் தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுக்கின்றன. செல்களுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்குப்படி பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளிகள் உள்ள நாட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

உடல் இளைக்குமா என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் விளம்பரம் உண்மையை முந்திக்கொண்டு ஓடுகிறது. 'பயிற்சி முடிந்த பிறகும் நாள் முழுக்கக் கொழுப்பு எரியும்' என்பார்கள். எரியும், ஆனால் கொஞ்சம்தான். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கொழுப்பைக் குறைப்பதில் 'ஹிட்' பயிற்சியும் நிதானமான பயிற்சியும் ஏறக்குறைய சமம் என்றே தெரிகிறது. நான்கு நிமிடக் கடும் உழைப்பு அறுபது கலோரி அளவுக்குத்தான் செலவழிக்கும். மல்லேஸ்வரத்தின் சி.டி.ஆர். ஓட்டலில் ஒரு வெண்ணெய் மசால் தோசை அந்தக் கணக்கைப் பல மடங்கு தாண்டிவிடும்.

இனி மறுபக்கம். 2021 அக்டோபர் 29. சதாசிவநகரில் வசித்த கன்னட நடிகர் புனித் ராஜ்குமாருக்குக் காலையில் உடற்பயிற்சிக்குப் பிறகு நெஞ்சில் அசௌகரியம். குடும்ப மருத்துவரிடம் போனார். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். காப்பாற்ற முடியவில்லை. வயது 46. திரையில் சண்டைக் காட்சிகளும் நடனமும், இணையத்தில் உடற்பயிற்சி வீடியோக்களுமாக ஆரோக்கியத்தின் விளம்பரப் படம் போல இருந்தவர். உடற்பயிற்சிதான் அவர் உயிரைப் பறித்தது என்று நிறுவப்படவில்லை. அவர் செய்தது 'ஹிட்' வகை என்று சொல்வதற்கும் ஆதாரமில்லை. ஆனால் பெங்களூரில் அந்த வாரம் யாரும் ஆதாரத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதைப் பலர் நிறுத்தினார்கள். 2025 ஜூன், ஜூலையில் ஹாசன் மாவட்டத்திலிருந்து அடுத்தடுத்து மாரடைப்பு மரணச் செய்திகள் வந்தபோதும் ஜெயதேவாவில் அதே கூட்டம், அதே பீதி.

பீதிக்கு அடிப்படை உண்டா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் பதில் 1993ல் அமெரிக்காவில் வந்தது. மாரடைப்பு வந்து பிழைத்த 1,228 பேரிடம் அதற்கு முந்தைய மணி நேரத்தில் என்ன செய்தார்கள் என்று மிட்டில்மேன் என்ற ஆய்வாளரின் குழு விசாரித்தது. கடுமையான உழைப்புக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் சராசரியாக ஆறு மடங்கு கூடுகிறது என்பது தெரிந்தது. சராசரி ஒரு மாயை என்பதும் தெரிந்தது. வாரத்துக்கு ஐந்து நாளாவது உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு அபாயம் 2.4 மடங்குதான். மூன்று நான்கு நாள் செய்கிறவர்களுக்கு 8.6. ஒன்றிரண்டு நாள் செய்கிறவர்களுக்கு 19.4. வாரத்துக்கு ஒரு முறைகூடச் செய்யாதவர்களுக்கு? 107 மடங்கு.

இந்த எண்களைப் பதற்றமில்லாமல் படிக்க வேண்டும். புகைப் பழக்கமோ நீரிழிவோ இல்லாத ஐம்பது வயது ஆணுக்கு ஏதோ ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. அவர் சோம்பேறியாக இருந்து திடீரென்று கடுமையாக உழைத்தால் அது பத்தாயிரத்தில் ஒன்றாகும். அப்போதும் சிறிய எண்தான். ஆனால் பாடம் தெளிவானது. ஆபத்து வேகத்தில் இல்லை, வேகத்துக்குப் பழகாத உடலில் இருக்கிறது. ஒரே படிக்கட்டில் ஒரே வேகத்தில் ஏறுகிற இருவரில், தினமும் நடக்கிறவருக்கும் நாற்காலியை விட்டு எழாதவருக்கும் அபாயம் நாற்பது மடங்குக்கு மேல் வித்தியாசப்படுகிறது.

நடப்பது என்ன என்றால், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்புத் திட்டுகள் சத்தமில்லாமல் படிந்திருக்கும். குழாய் பாதிகூட அடைபட்டிருக்காது, வலியும் இருக்காது. திடீர் உழைப்பில் ரத்த அழுத்தமும் துடிப்பும் எகிறும்போது அந்தத் திட்டு வெடித்தால், அதன் மேல் ரத்தம் உறைந்து குழாய் முழுவதும் அடைபடும். டிரெட்மில் சோதனை பெரும்பாலும் கணிசமாகக் குறுகிய குழாய்களைத்தான் கண்டுபிடிக்கும். குழாயை அடைக்காத மெல்லிய திட்டு அதன் கண்ணில் படாது. 'போன மாதம்தான் டி.எம்.டி. எடுத்தேன், எல்லாம் நார்மல்' என்பது முழு உத்தரவாதம் ஆகாததற்கு இதுவே காரணம்.

இதில் இந்தியர்களுக்குக் கூடுதல் கவலை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007ல் வெளியானது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட 59. அதாவது நாம் ஆறு வருடம் முந்திக்கொள்கிறோம். மேல்நாட்டில் முப்பத்தைந்து வயதுக்காரரைக் கேள்வி கேட்காமல் ஓடச் சொல்லலாம் என்றால், அந்தச் சலுகை பெங்களூர் அலுவலக ஊழியருக்கோ சென்னை வியாபாரிக்கோ அப்படியே பொருந்தாது.

அப்படியானால் இதய நோயாளிகள் இந்தப் பக்கமே வரக்கூடாதா? விடை ஆச்சரியமானது. நார்வேயில் இதய மறுவாழ்வு மையங்களில் 4,846 நோயாளிகள் கண்காணிப்பின் கீழ் செய்த பயிற்சியை 2012ல் கணக்கெடுத்தார்கள். நிதானப் பயிற்சி 1,29,456 மணி நேரம். ஒருவருக்கு இதயம் நின்று மரணம். தீவிரப் பயிற்சி 46,364 மணி நேரம். இருவருக்கு இதயம் நின்றது, இருவரும் பிழைத்தனர். அபாயம் தீவிரப் பயிற்சியில் கூடுதல்தான். ஆனால் இரண்டிலுமே மிகக் குறைவு. காரணம், பக்கத்தில் ஆள் இருந்தது, முன்பே பரிசோதனை நடந்தது, படிப்படியாக வேகம் கூட்டப்பட்டது. ஆபத்தானவர்களாகக் கருதப்படும் நோயாளிகள் கவனத்தோடு செய்து தப்பிக்க, ஆரோக்கியசாலி என்று தன்னைத் தானே நம்புகிறவர் கவனமில்லாமல் மாட்டிக்கொள்கிறார்.

இதயம் மட்டுமல்ல, வேறு பாதகங்களும் உண்டு. குதித்து விழும் பயிற்சிகளில் முழங்காலும் கணுக்காலும் அடி வாங்கும், எடை அதிகமுள்ளவர்களுக்கு மிக விரைவில். பழக்கமில்லாத தசைகளைத் தாங்க முடியாத அளவு வேலை வாங்கினால் தசை நார்கள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கலாம். பயிற்சிக்குப் பிறகு தசைகள் வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பலன் கண்ட ருசியில் தினமும் செய்வது இன்னொரு தவறு. ஸ்டாக்ஹோமில் 11 ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு வாரத்துக்கு வாரம் தீவிரப் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போனார்கள். மூன்றாவது வாரத்தில் அது 152 நிமிடத்தைத் தொட்டபோது மைட்டோகாண்ட்ரியாவின் செயல்திறன் சரிந்தது, ரத்த சர்க்கரைக் கட்டுப்பாடும் கெட்டது. 2021ல் வெளியான இந்த ஆய்வு சொல்வது நம் பாட்டிகள் சொன்னதையே: அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் அடித்தளம், பிறகு வேகம். இதுவரை எதுவும் செய்யாதவர் ஆறு முதல் எட்டு வாரம் வெறுமனே நடக்கட்டும். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில், வாரத்துக்கு ஐந்து நாள், அரை மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2020ல் வகுத்த குறைந்தபட்ச அளவான 150 நிமிடம் இதிலேயே பூர்த்தியாகிவிடும். அது சிரமமில்லாமல் ஆனபிறகு, நடையின் நடுவே ஒரு நிமிடம் விரைவு, இரண்டு நிமிடம் நிதானம் என்று நான்கு முறை சேர்க்கலாம். ஏற்றமும் இறக்கமுமான மல்லேஸ்வரத்தின் குறுக்குத் தெருக்களில் இதற்கு இயந்திரமே தேவையில்லை. ஓட்டம், அதற்கும் அப்புறம். வாரத்துக்கு இரண்டு நாள் போதும், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. தொடங்குமுன் பத்து நிமிடம் சூடேற்றல், முடிந்ததும் ஐந்து நிமிடம் மெதுநடை. சட்டென்று நின்றால் ரத்தம் கால்களில் தங்கித் தலை சுற்றும்.

நாற்பது வயது தாண்டியவர்கள், நீரிழிவு, ரத்த அழுத்தம், புகைப் பழக்கம் உள்ளவர்கள், குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு கண்டவர்கள் டாக்டரைப் பார்த்த பிறகே வேகத்தைத் தொடலாம். சில ரத்த அழுத்த மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாது. அவர்களுக்கு 220 கணக்கு உதவாது, மூச்சுதான் அளவுகோல். காய்ச்சல் நாட்களிலும் தூக்கமில்லாத இரவுக்கு மறுநாளும் விடுமுறை. நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மயக்கம் என்று எது வந்தாலும் 'வாயுவாக இருக்கும்' என்று சோடா குடிக்காமல் பயிற்சியை நிறுத்தி 108ஐ அழைக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. 2023ல் கர்நாடக அரசு புனித் ராஜ்குமாரின் பெயரில் தொடங்கிய 'ஹிருதய ஜோதி' திட்டத்தின் அடிப்படையும் அதுதான். சிறிய அரசு மருத்துவமனையிலேயே ஈ.சி.ஜி. எடுத்து, பெரிய மருத்துவமனை நிபுணரின் ஆலோசனையோடு, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டுவிடுவது.

2021க்குப் பிறகு பயந்து உடற்பயிற்சியையே விட்டவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொண்டதாக நினைக்கலாம். 1993ன் எண்கள் வேறு கதை சொல்கின்றன. விட்டவர்கள் 2.4லிருந்து 107ஐ நோக்கி நடந்துகொண்டிருக்கிறார்கள். என்றைக்காவது ஒரு நாள் ரயிலைப் பிடிக்க ஓடவோ, லிப்ட் நின்றுபோன கட்டடத்தில் ஐந்து மாடி ஏறவோ வேண்டியிருக்கும். அந்த வேகம் அனுமதி கேட்டு வராது. அதற்கு இதயத்தை முன்கூட்டியே, மெதுவாக, பழக்கி வைத்திருப்பதுதான் எந்தப் பயிற்சியின் உண்மையான பலனும்.